புதிதாக ஓடத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிப் பருவத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை என்பவர்கள், படியேறினாலே மூச்சு வாங்குகிறதே என்று கவலைப்படுபவர்கள், மனச்சோர்விலிருந்து சற்று வெளியே வர ஒரு வழி தேடுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்தக் கேள்வி-பதில்கள் எழுதப்பட்டுள்ளன. போட்டிகளில் வெல்வதற்கான பயிற்சி முறைகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஓட்டத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் தங்கள் சோம்பலைக் குறை சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் எப்படி ஓடினார்கள் என்று விசாரித்தால், அளவுக்கு மீறிய வேகமே பல நேரங்களில் உண்மையான காரணமாக இருக்கும். ஆகவே "மெதுவாக" என்ற அறிவுரை கீழே பல பதில்களில் திரும்பத் திரும்ப வரும்.

ஓடத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தாக வேண்டுமா?

உடல்நலத்தில் குறிப்பிடும்படியான குறை எதுவும் இல்லாதவர்கள், நடையும் இடையிடையே சிறிது ஓட்டமுமாகத் தொடங்குவதற்குத் தனியாக மருத்துவ அனுமதி பெறத் தேவையில்லை. ஆனால் இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், ஆஸ்துமா ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளவர்கள், நெருங்கிய உறவினர் எவரேனும் இளம் வயதில் திடீரென இதயக் கோளாறால் இறந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், கருவுற்றிருப்பவர்கள், நெடுங்காலம் புகைபிடித்தவர்கள், நடுத்தர வயதைக் கடந்து பல ஆண்டுகளாக உடலுழைப்பே இல்லாமல் இருப்பவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைக் கலந்து பேச வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு, ஓடும்போதும் ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும் என்பதால், மருந்தின் அளவையும் உணவு நேரத்தையும் பற்றி அவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ வலியோ தோன்றினாலும், அந்த வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலும், மயக்கம் வந்தாலும், இதயம் தாறுமாறாகத் துடிப்பதை உணர்ந்தாலும், உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று மறுநாள் வரை தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள் இவை.

முதல் நாள் என்னதான் செய்வது?

அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் 5 நிமிடம் சற்றே விரைவாக நடங்கள். பிறகு 1 நிமிடம் ஓடி, 2 நிமிடம் நடங்கள். இதை ஆறேழு முறை செய்துவிட்டு, கடைசி 5 நிமிடத்தை நடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பார்த்தால் ஓடியது ஆறேழு நிமிடம்தான். முதல் நாளுக்கு அது தாராளமாகப் போதும்.

அந்த முதல் ஒரு நிமிடத்தில் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஓடத் தொடங்கிய சில நொடிகளுக்கு எல்லாம் எளிதாக இருப்பதுபோல் தோன்றும். கால்கள் தாமாகவே வேகமெடுக்கும். அரை நிமிடம் கடந்ததும் மூச்சு மேல்மூச்சாகும், தோள்கள் காதை நோக்கி உயரும், விரல்கள் இறுகி மூடிக்கொள்ளும், "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்ற எண்ணமும் கூடவே எழும். உண்மையில் அங்கே நடப்பது ஒரு காலதாமதம் மட்டுமே. ஓட ஆரம்பித்த கணத்திலேயே தசைகளின் ஆக்சிஜன் தேவை பல மடங்காக உயர்ந்துவிடுகிறது. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்தத் தேவையை எட்டிப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. பல ஆண்டுகளாக ஓடுபவர்களுக்கும் முதல் சில நிமிடங்கள் இதமாக இருப்பதில்லை. எனவே அந்த ஒரு நிமிடத் திணறலை வைத்து உங்கள் உடல்திறனை எடைபோட்டுவிடாதீர்கள். தொடக்க நடையைத் தவிர்க்கக் கூடாது என்று வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம். நடை அந்தத் தாமதத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே கடந்துவிடுகிறது.

எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும்?

பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடுங்கள். இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று உங்களிடம் கேட்கத்தான் நினைத்திருந்தேன்" என்பது போன்ற ஒரு முழு வாக்கியத்தை, நடுவில் மூச்சுக்காக நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் வேகம் சரியாக இருக்கிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒரு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தும் பேச முடியவில்லை என்றால் நடக்க வேண்டும்.

இந்த வேகம் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். விரைந்து நடக்கும் ஒருவர் உங்களைத் தாண்டிச் செல்லக்கூடும். அதற்காக வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். நீங்கள் விரும்பும் மாற்றங்களில் பெரும்பகுதி, அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுவது, தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவது, உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அதிகரிப்பது ஆகியவை இந்த மெதுவான வேகத்திலேயே நன்றாக நிகழ்கின்றன. போட்டிகளில் ஓடும் முன்னணி வீரர்கள்கூடத் தங்கள் பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை இத்தகைய எளிதான ஓட்டத்தில்தான் செலவிடுகிறார்கள். புதியவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மெதுவாக ஓடி முடித்தவருக்கு நாளை மறுநாளும் வெளியே வரத் தோன்றும். தள்ளாடி வீடு திரும்பியவருக்கு அப்படித் தோன்றாது.

மூக்கால் மூச்சு விட வேண்டுமா, வாயாலா?

இரண்டாலும் விடலாம். மூக்கால் மட்டும் என்று கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. மூச்சை எண்ணிக்கொண்டு ஓடுவது சிலருக்கு உதவுகிறது, சிலருக்குத் தொல்லையாகிறது. வேகம் சரியாக இருந்தால் மூச்சு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வாரத்தில் எத்தனை நாள்? எத்தனை வாரங்களில் தொடர்ச்சியாக ஓட முடியும்?

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதே தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. இடைப்பட்ட நாள்களில் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், சும்மாவும் இருக்கலாம். ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் வகுத்த "கௌச் டு 5கே" (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் வரை) என்ற 9 வார அட்டவணை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஒரு நிமிட ஓட்டத்தில் தொடங்கி, 9ஆவது வார முடிவில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவது அதன் இலக்கு. நல்ல அட்டவணைதான், ஆனால் 9 வாரம் என்ற எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு வாரத்துக்கான பயிற்சி கடினமாக இருந்தால் அதையே மறுவாரமும் செய்யுங்கள். 15 வாரம் எடுத்துக்கொண்டவரின் இதயத்துக்கும் 9 வாரத்தில் முடித்தவரின் இதயத்துக்கும் ஓராண்டுக்குப் பின் பெரிய வேறுபாடு இருக்காது.

நடையைக் கலந்து ஓடுவதைத் தோல்வியாக எண்ணுபவர்கள் பலர் இருக்கிறார்கள். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலோவே, ஓட்டத்தையும் நடையையும் திட்டமிட்டு மாற்றி மாற்றிச் செய்யும் முறையைத்தான் பல்லாண்டுகள் கற்பித்தார். அம்முறையில் மாரத்தானையே முடித்தவர்கள் ஏராளம். வாழ்நாள் முழுவதும் அப்படியே ஓடினாலும் குறையொன்றும் இல்லை.

உடல்நலம் மேம்படக் குறைந்தது எவ்வளவு ஓட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் தீவிரமான உடலுழைப்போ மேற்கொள்ள வேண்டும்; ஓட்டம் பெரும்பாலோருக்கு இரண்டாம் வகையில் சேரும். அதாவது நாளுக்கு 25 நிமிடம் வீதம் மூன்று நாள் ஓடினால் குறைந்தபட்ச அளவு நிறைவேறிவிடும். இதனுடன் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாள் செய்ய வேண்டும் என்றும் அதே பரிந்துரை கூறுகிறது.

அந்த அளவை எட்டும்வரை பயனே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், ஓடுபவர்கள் எந்தக் காரணத்தாலும் இறக்கும் அபாயம் ஓடாதவர்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 45 விழுக்காடும் குறைவாக இருந்தன. நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடியவர்களிடமும் குறிப்பிடத்தக்க பயன் காணப்பட்டது. ஓடுபவர்கள் மற்ற வகைகளிலும் தங்கள் உடலைக் கவனித்துக்கொள்பவர்களாக இருக்கக்கூடும் என்பதால் முழுப் பெருமையையும் ஓட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. என்றாலும், ஒன்றுமே செய்யாத நிலையிலிருந்து சிறிதளவு செய்யும் நிலைக்கு வருவதில்தான் பலன் மிகுதி என்பதை வேறு பல ஆய்வுகளும் காட்டியுள்ளன.

ஓடினால் மனம் லேசாகிறது என்கிறார்களே, அது உண்மையா? எப்படி?

உண்மைதான். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் முழுமையானதன்று. எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருள் சுரப்பதால் மகிழ்ச்சி பிறக்கிறது என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின், மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டி எளிதில் உள்ளே செல்வதில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், எண்டார்ஃபின் செயல்படும் வழியை மருந்தால் அடைத்துவிட்டு ஆய்வில் கலந்துகொண்டவர்களை 45 நிமிடம் ஓட வைத்தார்கள். அப்போதும் அவர்களின் பதற்றம் தணிந்தது, மனக்கிளர்ச்சியும் உண்டானது. உடல் தானே உற்பத்தி செய்யும் எண்டோகன்னாபினாய்டு என்ற வேறொரு வகைப் பொருள்கள் மூளைக்குள் எளிதாகச் செல்லக்கூடியவை என்பதால், ஆய்வாளர்களின் கவனம் இப்போது அவற்றின்மீது திரும்பியுள்ளது.

வேதிப்பொருள்களோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. தொடர்ந்து ஓடுபவர்களுக்கு உறக்கம் ஆழமாகிறது. நல்ல உறக்கம் மறுநாளின் மனநிலையை மாற்றுகிறது. ஓடும்போது இதயம் படபடப்பதும் வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும் பதற்றத்தின் அறிகுறிகளை ஒத்திருப்பவை; ஆபத்தில்லாத சூழலில் அவற்றை அடிக்கடி உணர்ந்து பழகியவருக்கு, அதே அறிகுறிகள் வேறு நேரத்தில் தோன்றும்போது அச்சம் குறைகிறது. ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் மனம், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று கவனிக்க வேண்டியிருப்பதால் சிறிது நேரம் அதை விட்டு விலகுகிறது. இவை தவிர, இன்று செய்வதாகச் சொன்ன ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற நிறைவையும் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மனம் தளர்ந்திருக்கும் காலத்தில் அந்த நிறைவு எளிதில் கிடைப்பதில்லை.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தின் நடுவே பொங்கும் பேருவகையைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, தொடக்கத்தில் பெரும்பாலும் வாய்ப்பதே இல்லை. ஓடி முடித்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தில், எரிச்சல் சற்றுத் தணிந்திருப்பதையும் பேச்சில் பொறுமை கூடியிருப்பதையும் கவனித்துப் பாருங்கள். முதலில் புலப்படுவது அந்த மாற்றம்தான்.

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறேன். ஓடத் தொடங்கினால் அதை நிறுத்திவிடலாமா?

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. இத்தகைய மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, கடும் எரிச்சல் போன்றவை ஏற்படலாம், நோயும் திரும்பலாம்.

ஓட்டத்தையும் மருந்தையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. மனச்சோர்வோ பதற்ற நோயோ உள்ள 141 பேர் 16 வாரங்களுக்கு மருந்து அல்லது குழுவாக ஓடும் சிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றைப் பின்பற்றினார்கள். இரு பிரிவிலும் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டார்கள். உடல் எடை, இரத்த அழுத்தம் போன்றவற்றில் ஓடியவர்களே மேம்பட்டிருந்தார்கள். ஆனால் மருந்துப் பிரிவில் 82 விழுக்காட்டினர் சிகிச்சையை முறையாகக் கடைப்பிடித்திருக்க, ஓட்டப் பிரிவில் 52 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தார்கள். பெரும்பாலோர் தாங்களே விரும்பித் தேர்ந்துகொண்ட சிகிச்சை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு: ஓட்டம் உண்மையிலேயே உதவுகிறது, ஆனால் சோர்வுற்றிருப்பவருக்கு அதைத் தொடர்வது கடினம், ஆகவே உடன் ஓடுவதற்கு ஒருவரோ ஒரு குழுவோ இருப்பது மிகவும் நல்லது. ஓட்டத்தைச் சிகிச்சையுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைதூக்கினால் ஓட்டத்தை நம்பிக் காத்திருக்காமல், அன்றே ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கைக்குரியவரிடமோ சொல்லுங்கள்.

எழுந்து வெளியே போகவே மனமில்லாத நாளில் என்ன செய்வது?

மனம் வரட்டும், பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் போய்விடும். ஷூவை மாட்டிக்கொண்டு 10 நிமிடம் நடந்துவிட்டு வருவது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். 10 நிமிடம் ஆனதும் திரும்பிவிடத் தோன்றினால் திரும்பிவிடுங்கள், அதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம். பெரும்பாலான நாள்களில் கால்கள் தாமாகவே சிறிது ஓடும். முந்தைய இரவே உடையையும் ஷூவையும் கண்ணில் படும் இடத்தில் எடுத்து வைத்துவிட்டால், காலையில் எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கை குறையும்.

காய்ச்சல் இருக்கும்போதும், நெஞ்சுச் சளியோ உடம்பு முழுவதும் வலியோ இருக்கும்போதும் ஓடக் கூடாது என்பதை மட்டும் இதிலிருந்து விலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அது சோம்பலன்று, நோய்.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

இந்த அச்சம் பரவலாக இருக்கிறது. ஆனால் சான்றுகள் அதற்கு நேர்மாறாக இருக்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் அறிக்கையின்படி, உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் காணப்பட்டது. ஓடாதவர்களில் அது 10.2 விழுக்காடு. போட்டிகளுக்காக மிகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 விழுக்காடு. மூட்டில் உள்ள குருத்தெலும்புக்குத் தனியாக இரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அதைச் சூழ்ந்த திரவத்திலிருந்து ஊட்டம் அதற்குள் சென்று சேர்கிறது. அளவான ஓட்டம் மூட்டுக்குத் தீங்கு செய்யாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும், சவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் தங்கள் மருத்துவரின் கருத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும்?

புதிதாக ஓடுபவர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களிலேயே இரத்தத்தின் அளவு கூடி, மூச்சு வாங்குவது குறைந்து, "இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே" என்ற தெம்பு வந்துவிடுகிறது. தசைகளுக்குச் சில வாரங்கள் போதும். ஆனால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அந்தப் புதிய பளுவை உணர்ந்த எலும்பு, முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைத்துவிட்டு அதன் பிறகே புதிய எலும்பை இடுகிறது. இந்தச் சுழற்சி முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகலாம். இடையில் சில வாரங்களுக்கு எலும்பு வழக்கத்தைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். மூச்சு தயாராகிவிட்டது, எலும்பு இன்னும் தயாராகவில்லை என்ற இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் பலர் அடிபடுகிறார்கள்.

ஓடிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக, இரு பக்கமும் ஒரே மாதிரியாகத் தோன்றும் வலி தசைவலி. மூன்று நான்கு நாளில் அது தானே போய்விடும். மெல்ல நடந்தால் இதமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பின் உட்பக்க விளிம்பு நெடுக வலித்தால் ஓட்டத்தின் அளவு கூடிவிட்டது என்று பொருள். ஒன்றிரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்து நடையைக் கூட்ட வேண்டும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் ஊசி குத்துவதுபோல் வலித்தால் பாதத்தின் அடிச்சவ்வு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனியால் சுட்டிக்காட்ட முடிகிற இடத்தில் எலும்பு வலித்தாலும், ஓய்விலும் இரவிலும் அந்த வலி இருந்தாலும், எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்கக்கூடும்; உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடையை மாற்றி நொண்ட வைக்கும் எந்த வலியோடும் ஓடக் கூடாது.

ஓடும் அளவை வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்ற பழைய விதியைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2008இல் 532 புதிய ஓட்டக்காரர்களிடம் அந்த விதியின் அடிப்படையில் அமைந்த பயிற்சியை வழக்கமான பயிற்சியோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, காயங்கள் குறையவில்லை. இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் காயமடைந்தார். கணக்கைவிட உடல் தரும் குறிப்புகளுக்குக் காது கொடுப்பதும், தெம்பாக இருக்கும் ஒரு நாளில் வழக்கத்தைப் போல் இரு மடங்கு தூரம் ஓடிவிடாமல் இருப்பதும் மேலான பாதுகாப்பு.

விலையுயர்ந்த ஷூ வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஓடுவதற்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், காலுக்கு வசதியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் போதும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது அணியும் சாக்ஸுடனேயே போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. கடைக்குள்ளேயே நாலடி ஓடிப் பார்த்து, எந்த ஜோடி காலில் இருப்பதே தெரியாமல் இருக்கிறதோ அதை எடுங்கள். "போகப் போகப் பழகிவிடும்" என்று கடிக்கிற ஷூவை வாங்காதீர்கள். ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் அடிப்பகுதி அமுங்கிவிடும் என்பதால் மாற்ற வேண்டியிருக்கும்.

ஓடும் முறையில் கவனிக்க வேண்டியது என்ன? முன்பாதம் ஊன்ற வேண்டுமா, குதிகாலா?

பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையில் படுகிறது என்பதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். அதை வலிந்து மாற்றினால் சுமை வேறோர் இடத்துக்கு நகரும். முன்பாதத்தில் ஊன்றத் தொடங்கியவர்களுக்குக் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் வலிப்பது வழக்கம். அடியை நீட்டி வைக்காமல் குறுக்கி, எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டுவது மட்டும் பெரும்பாலோருக்குப் பயனளிக்கும். நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்காலிலும் இடுப்பிலும் இறங்கும் சுமை குறைகிறது. தோள்களைத் தளர விடுங்கள், பார்வை சில அடிகள் முன்னால் இருக்கட்டும்.

ஓடும் முன் தசைகளை நீட்டும் பயிற்சிகள் செய்ய வேண்டுமா?

அசையாமல் நின்று தசையை நெடுநேரம் இழுத்துப் பிடிப்பதால் காயங்கள் குறைவதாகத் தெரியவில்லை. ஐந்து நிமிட நடையும், காலை முன்னும் பின்னும் வீசுவது, முழங்காலை உயர்த்தி நடப்பது போன்ற அசைவுகளும் போதும். அந்த நேரத்தை வாரத்துக்கு இரு முறை தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிக்குக் கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற தோப்புக்கரணப் பயிற்சி, படிவிளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது ஆகிய மூன்றையும் வீட்டிலேயே செய்யலாம்.

எப்போது சாப்பிடுவது? தண்ணீர் எவ்வளவு? விலாவில் பிடித்துக்கொள்கிறதே?

முழுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு முதல் மூன்று மணி நேரம் கழித்து ஓடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் அரை மணி நேரம் மெதுவாக ஓடுவது பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். தலை கிறுகிறுப்பவர்கள் ஏதேனும் சிறிதளவு உண்டுவிட்டுக் கிளம்பலாம். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடியுங்கள். தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஓட்டத்துக்குச் சிறப்புப் பானங்கள் எதுவும் தேவையில்லை.

விலாவில் பிடித்துக்கொள்வது புதியவர்களிடம் மிகுதி. வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்தியபடி மூச்சை மெதுவாக முழுவதும் வெளியே விட்டால் சில நிமிடங்களில் தணியும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் இனிப்புப் பானங்கள் குடித்ததும் அதைத் தூண்டும்.

வெயிலில் ஓடலாமா?

புதிதாகத் தொடங்கும்போது வேண்டாம். காலையோ மாலையோ வெப்பம் தணிந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஓடும்போது குளிர்வதுபோல் உணர்ந்தாலும், குமட்டினாலும், குழப்பமாக இருந்தாலும் உடனே நிறுத்தி நிழலுக்குச் சென்று உடலைக் குளிர்விக்க வேண்டும்.

ஓடினால் எடை குறையுமா?

குறையலாம், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350 கிலோகலோரி. பசியில் கூடுதலாக உண்ணும் ஒரு சிற்றுண்டியிலேயே அது திரும்பி வந்துவிடும். எடை குறைய வேண்டுமானால் உணவிலும் மாற்றம் தேவை. எடைக் கருவி காட்டும் எண்ணை மட்டுமே வெற்றியின் அளவாக வைத்துக்கொண்டவர்கள், இரத்த அழுத்தமும் உறக்கமும் மனநிலையும் மேம்பட்டுக்கொண்டிருக்கும்போதே மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும் இழப்பு.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

மார்பை அசையாமல் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிரா, ஷூவுக்கு இணையான தேவை. மாதவிடாய் நாள்களில் உடல் ஒத்துழைத்தால் ஓடலாம். சிலருக்கு வலி குறைவதும் உண்டு. ஆனால் ஓடத் தொடங்கிய பிறகு மாதவிடாய் தவறினாலோ நின்றுபோனாலோ, உடல் செலவிடும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பையும் பாதிக்கும் என்பதால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாத அசதி தொடர்ந்தால் இரும்புச்சத்து அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குழந்தை பெற்றவர்கள் குறைந்தது மூன்று மாதம் கழித்தே ஓடத் தொடங்க வேண்டும் என்று பிரிட்டனில் இயன்முறை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது அது.

எல்லாரும் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூச்சத்தால் தொடங்காமலே போனவர்கள் பலர். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் முதல் சில வாரங்களை ஓடிக் கழியுங்கள். டிரெட்மில் இருந்தால் அதிலும் தொடங்கலாம். பருத்த உடலோடு மெதுவாக ஓடும் ஒருவரைப் பார்க்கும் பழைய ஓட்டக்காரர் எவரும் ஏளனமாக நினைப்பதில்லை. அந்த நிலையில் ஓடுவது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஸ்மார்ட் வாட்ச் தேவையா?

நிமிடங்களைப் பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு கிடைக்கும் என்ற சூத்திரம் ஒருவருக்கு 10, 12 துடிப்புகள் கூடக் குறையப் பிழைபடலாம் என்பதால், அதை வைத்துக் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு வரம்புகளைவிடப் பேச்சுச் சோதனையையே நம்புங்கள்.

இடையில் பல வாரங்கள் விட்டுப்போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்தா?

ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் என்றால் இரண்டு வாரம் பின்னால் சென்று தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், மீண்டும் ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாகத் தொடங்குவதே பாதுகாப்பானது. முதல் முறையைவிட விரைவாகவே முன்னேறுவீர்கள். நோயால் நின்றிருந்தால், அன்றாட வேலைகளைச் சோர்வின்றிச் செய்ய முடிகிறது என்பது உறுதியான பிறகே ஷூவை எடுங்கள். முதல் வாரம் முழுவதும் நடை மட்டும் போதும்.

ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்று லண்டனில் ஆராய்ந்தபோது, சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் சிலருக்கு 18 நாளும், சிலருக்கு 254 நாளும் தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டது. நடுவே ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது தடைப்படவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எனவே விட்டுப்போன ஓட்டங்களை ஈடுகட்ட ஒரே வாரத்தில் ஐந்து நாள் ஓடாதீர்கள்; அட்டவணையில் அடுத்து எந்த நாள் வருகிறதோ அன்று, அந்த நாளுக்குரியதை மட்டும் ஓடுங்கள்.